முழு டர்க்கியை எண்ணெயில் பொரிப்பது: கேள்வியும் பதிலும்

நவம்பர் நான்காம் வியாழன், அதாவது அமெரிக்காவின் தேங்க்ஸ்கிவிங் பண்டிகை நெருங்குகிறது. முழு வான்கோழியை வீட்டிலேயே எண்ணெயில் பொரிக்கப் போகிறோம் என்று நிறையப் பேர் கேட்டிருக்கிறீர்கள். லூசியானாவின் கேஜுன் மக்களிடமிருந்து அமெரிக்கா முழுக்கப் பரவிய பழக்கம் இது. டெக்சஸில் எங்கள் வீட்டுக் கொல்லையில் 11 வருடமாகப் பொரிக்கிறேன். தோல் அப்பளம் மாதிரி நொறுங்கும், நெஞ்சுக் கறி சாறு வற்றாமல் இருக்கும். ஆனால் இந்த நாட்டில் வீட்டுச் சமையலில் தீப்பிடிப்பது வருடத்திலேயே மிக அதிகமாக நடக்கிற நாளும் அந்த வியாழன்தான். அதனால் சில பதில்கள் நீண்டுவிட்டன. பொறுமையாகப் படியுங்கள்.

கேள்வி: அக்கா, 14 பவுண்ட் டர்க்கி வாங்கியிருக்கிறேன். புதன் ராத்திரி ஃப்ரீசரிலிருந்து எடுத்து வெளியே வைத்தால் காலையில் உருகிவிடும்தானே?

உருகாது தம்பி. மேல்தோல் இளகி நாற்றமெடுக்க ஆரம்பிக்கும், வயிற்றுக்குள் ஐஸ் அப்படியே இருக்கும். ஃப்ரிட்ஜுக்குள் வைத்துத்தான் உருக்க வேண்டும். 4 முதல் 5 பவுண்டுக்கு ஒரு முழு நாள் என்பது கணக்கு. உங்களுடையதற்கு மூன்றரை நாள் ஆகும், சனிக்கிழமையே இறக்கிவிடுங்கள். நாள் தவறிவிட்டால் உறையோடு குளிர்ந்த தண்ணீரில் அமிழ்த்தி, அரை மணிக்கு ஒரு முறை தண்ணீரை மாற்றுங்கள். பவுண்டுக்கு அரை மணி, அதாவது 7 மணி நேரம்.

நாள் கணக்கை மட்டும் நம்பாதீர்கள், கையை உள்ளே விட்டுப் பாருங்கள். ஒரு வருடம் நான்கு நாள் ஃப்ரிட்ஜில் இருந்த பறவைதான். வெளியே தொட்டால் மெத்தென்று இருந்தது. கழுத்தையும் ஈரல் பொட்டலத்தையும் உருவிவிட்டு விரலால் தடவினால், முதுகெலும்பை ஒட்டி உள்ளங்கை நீளத்துக்கு ஒரு ஐஸ் பாளம். அதோடு எண்ணெயில் இறக்கியிருந்தால் என்ன ஆகும்? ஒரு டம்ளர் தண்ணீர் ஆவியானால் சுமார் 1,700 டம்ளர் இடம் கேட்கும். எண்ணெய்க்கு அடியில் அது நடந்தால் அண்டாவிலிருக்கிற எண்ணெய் முழுக்கப் பொங்கி வழியும், கீழே அடுப்பு எரிந்துகொண்டிருக்கும். ஈரக் கரண்டி பட்டாலே வாணலி எப்படிச் சீறுகிறது என்று நமக்குத் தெரியும். இங்கே ஒரு பறவை நிறைய ஈரம். அதனால் உள்ளும் வெளியும் பேப்பர் டவலால் ஒற்றி எடுங்கள், நான் ஒரு ரோல் முழுக்கச் செலவழிப்பேன். காலைக் கட்டியிருக்கும் பிளாஸ்டிக், நெஞ்சில் குத்தியிருக்கும் டைமர் இரண்டையும் எடுத்துவிடுங்கள். வயிற்றுக்குள் ஸ்டஃபிங் அடைக்கக் கூடாது.

இன்னொன்று, 14 பவுண்ட் கொஞ்சம் பெரிது. 12 பவுண்டுக்குள் இருந்தால் வேகிறதும் சீராக இருக்கும், தூக்கி இறக்கவும் கைக்கு அடங்கும். கூட்டம் பெரிதென்றால் சின்னதாக இரண்டு வாங்குங்கள்.

கேள்வி: 30 குவார்ட் (சுமார் 28 லிட்டர்) அண்டாவுக்கு எவ்வளவு எண்ணெய் ஊற்றுவது? கடையில் மூன்று பேர் மூன்று கணக்குச் சொன்னார்கள்.

கணக்கை உங்கள் பறவையே சொல்லும். உறை பிரிக்காத டர்க்கியைக் காலி அண்டாவில் வையுங்கள். அது முழுக்க மூழ்கி, அதற்கு மேல் ஒரு அங்குலம் நிற்கும் வரை தண்ணீர் ஊற்றுங்கள். அந்த நிலையில் அண்டாவின் விளிம்புக்கு இன்னும் 4, 5 அங்குலம் மிச்சம் இருக்க வேண்டும், இல்லையென்றால் அண்டா போதாது. பறவையை வெளியே எடுத்ததும் தண்ணீர் எங்கே இறங்கி நிற்கிறதோ அங்கே ஒரு கோடு போடுங்கள். பிறகு அண்டாவைச் சொட்டு ஈரமில்லாமல் துடைத்துக் காயவையுங்கள்.

எண்ணெயைக் கோடு வரைக்கும் ஊற்றாமல் கொஞ்சம் கீழேயே நிறுத்துங்கள். 350 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் காயும்போது எண்ணெய் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு விரியும். பச்சை எண்ணெயில் சரியாகத் தெரிந்த மட்டம், காய்ந்தபின் ஒரு அங்குலம் ஏறி நிற்கும்.

கேள்வி: ஊரிலிருந்து வந்த செக்குக் கடலை எண்ணெய் இருக்கிறது. சேர்க்கலாமா?

வேண்டாம், அதைப் பொடிக்கு ஊற்றிச் சாப்பிடுங்கள். செக்கெண்ணெய் 320 டிகிரியிலேயே புகையத் தொடங்கிவிடும், நமக்கு வேண்டியது 350. ரீஃபைண்ட் கடலை எண்ணெய் 450 வரை தாங்கும். விருந்தாளிகளில் யாருக்காவது வேர்க்கடலை அலர்ஜி உண்டா என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். இருந்தால் ரீஃபைண்ட் கனோலா வாங்குங்கள்.

கேள்வி: எண்ணெய் காய்ந்ததா என்று வடை மாவு கிள்ளிப் போட்டுப் பார்த்தால் தெரியாதா? எத்தனை நிமிடம் பொரிக்க வேண்டும்?

தெரியாதுங்க. மாவு மேலே எழும்பினால் காய்ந்திருக்கிறது என்று மட்டும்தான் தெரியும், எவ்வளவு என்று தெரியாது. வெளியே வைத்துப் பொரிக்கும் புரோபேன் கேஸ் அடுப்புகள் பலவற்றில் தானாக நிற்கும் வசதி கிடையாது. விட்டால் சூடு ஏறிக்கொண்டே போய், முதலில் புகையும், பிறகு தானாகவே தீப்பற்றும். நீளமான தெர்மாமீட்டர் அண்டாவின் ஓரத்தில் மாட்டியே இருக்கட்டும். புகை கண்டால் உடனே அடுப்பை அணையுங்கள்.

350 வந்ததும் அடுப்பை முழுக்க அணைத்துவிட்டு டர்க்கியை இறக்குங்கள். நான் யாரிடமும் விட்டுக்கொடுக்காத விதி இது. கொஞ்சம் பொங்கி வழிந்தாலும் கீழே நெருப்பு இல்லையென்றால் தரைதான் பாழாகும். டர்க்கியை மாட்டித் தூக்கும் கொக்கியை, முழங்கை வரை கையுறை போட்டுப் பிடித்து, அங்குலம் அங்குலமாக இறக்குங்கள். ஒன்றிரண்டு நிமிடம் ஆகட்டும். சலசலப்பு கூடினால் அப்படியே நிறுத்தி, அடங்கியபின் தொடருங்கள். முழுக்க இறங்கி அமைதியான பிறகு அடுப்பைப் பற்றவைத்து, 325க்கும் 350க்கும் நடுவில் வைத்திருங்கள்.

பவுண்டுக்கு மூன்றரை நிமிடம். 12 பவுண்டுக்கு 42 நிமிடம் வரும். தொடையிலும் நெஞ்சிலும் எலும்பு படாமல் தெர்மாமீட்டர் குத்தி, இரண்டு இடத்திலும் 165 டிகிரி காட்டினால் வெந்தது. நிறத்தை நம்பாதீர்கள், பொன்னிறம் முன்னாலேயே வந்துவிடும். வெட்டுவதற்கு முன் 20 நிமிடம் அப்படியே விடுங்கள்.

கேள்வி: மழை வந்தால் கராஜுக்குள் வைக்கலாமா? அபார்ட்மெண்ட் பால்கனி?

இரண்டும் கூடாது. மரத்தாலான டெக்கும் கூடாது. வீட்டிலிருந்து குறைந்தது 10 அடி தள்ளி, திறந்தவெளியில், மட்டமான தரையில்தான் அடுப்பு. மழைச் சொட்டு எண்ணெயில் விழுந்தாலும் ஆபத்துதான். மழை வந்தால் அன்றைக்கு ஓவனில் வைத்துவிடுங்கள். பால்கனிக்காரர்களுக்கு என் யோசனை, முழுப் பறவை என்ற ஆசையை விட்டுத் துண்டு போட்டுச் சமையலறையிலேயே செய்யுங்கள்.

கேள்வி: தயிர், இஞ்சி பூண்டு விழுது, மிளகாய்த்தூள் போட்டு ஊறவைக்கலாமா அக்கா?

தயிரும் விழுதும் ஈரம். தூள் உதிர்ந்து அடியில் கருகி எண்ணெயையே கசப்பாக்கும். மிளகு, பூண்டு, சீரகம் இடித்துக் கொதிக்கவைத்த சாற்றை மெல்லிய துணியில் வடிகட்டி, முந்தின ராத்திரி ஊசியால் நெஞ்சிலும் தொடையிலும் ஏற்றுங்கள். உப்பு மட்டும் தோலில் தேயுங்கள். மேலே தெரியாது, கடிக்கும்போது நம் வீட்டு வாசம் வரும்.

கேள்வி: எல்லாம் செய்தும் தீப்பிடித்துவிட்டால்?

தண்ணீர் ஊற்றாதீர்கள், தோட்டக் குழாயைத் தொடாதீர்கள். எட்டுமானால் கேஸை மூடுங்கள். எல்லோரையும் விலக்கிவிட்டு 911 அவசர எண்ணைக் கூப்பிடுங்கள். எண்ணெய்த் தீக்கும் ஏற்ற அணைப்பான் ஒன்றை அண்டாவுக்கு அருகில் வைக்காமல், நீங்கள் நிற்கும் இடத்தில் வையுங்கள். குழந்தைகளும் நாயும் வீட்டுக்குள் இருக்க வேண்டும், ஒரு பெரியவர் கடைசிவரை அடுப்பை விட்டு நகரக் கூடாது.

கேள்வி: மிச்ச எண்ணெய்?

அன்றைக்குத் தொடாதீர்கள், அண்டா ஆற ராத்திரி முழுக்க ஆகும். மறுநாள் துணியில் வடிகட்டி ஃப்ரிட்ஜில் வைத்து ஒரு மாதத்துக்குள் பயன்படுத்துங்கள். சிங்க்கில் மட்டும் கொட்டிவிடாதீர்கள், குழாய் அடைத்துக்கொள்ளும்.