பிரித்துப் பூட்டிய எஞ்சின்

கேள்வி: ஜக்கூர் விமானத் தளத்துக்கு அருகே குடியிருக்கிறோம். அங்கே பறக்கும் சிறிய விமானங்களைப் பார்த்து வளர்ந்த என் மகள், விமானம் ஓட்டக் கற்க வேண்டும் என்கிறாள். பராமரிப்பு முடிந்து வந்த சிறிய விமானம் ஒன்றின் எஞ்சின், அந்தப் பராமரிப்பில் நேர்ந்த பிழையாலேயே நடுவானில் நின்றுபோனது என்று படித்ததிலிருந்து எனக்கு மனம் ஒப்பவில்லை. சரிபார்த்த எஞ்சின் எப்படிப் பழுதாகும்?
- ஒரு வாசகி, எலஹங்கா, பெங்களூரு

பதில்: தினமும் ஒழுங்காக ஓடும் எஞ்சினைவிட, நேற்றுப் பிரித்துப் பூட்டிய எஞ்சினைத்தான் அதிகம் சந்தேகிக்க வேண்டும். இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டன் விமானப்படையின் லிபரேட்டர் விமானங்களின் பழுதுக் கணக்கை ஆராய்ந்த, உயிரியலாளர் வாடிங்டனின் குழுவினர், 50 மணி நேரத்துக்கு ஒரு முறை நடந்த பரிசோதனை முடிந்த உடனேயே பழுதுகள் கூடி, பிறகு படிப்படியாகக் குறைவதைக் கண்டனர்.

பயிற்சிக்குப் பரவலாகப் பயன்படும் செஸ்னா 172 சிறு விமானங்கள் பலவற்றில் இருப்பது லைகமிங் நிறுவனத்தின் நான்கு சிலிண்டர் எஞ்சின். ஒரு சிலிண்டரைக் கழற்றி மாட்டினால், அதன் நட்டுகளைத் தயாரிப்பாளர் சொன்ன வரிசையில், சொன்ன அளவுக்கு, இறுக்கும் அளவைக் காட்டும் டார்க் ரெஞ்ச் கொண்டு இறுக்க வேண்டும். சரியாக இறுக்கிய போல்ட், இழுத்துக் கட்டிய ரப்பரைப் போலச் சற்றே நீண்டு, சிலிண்டரை எஞ்சின் உடலோடு அழுத்திப் பிடித்திருக்கும். உள்ளே எரியும் வாயு தள்ளும் விசை அந்தப் பிடிப்பைவிடக் குறைவாக இருக்கும்வரை போல்ட்டுக்குப் பெரிய வேதனை இல்லை. இறுக்கம் குறைந்தாலோ, இணையும் பரப்புகளுக்கு இடையே சிக்கிய பெயின்ட் நாளடைவில் நசுங்கி இறுக்கத்தைத் தளர்த்தினாலோ, ஒவ்வொரு எரிப்பிலும் போல்ட் இழுபட்டுத் தளரும். நிமிடத்துக்கு 2,400 சுற்றுகளில் ஒரு சிலிண்டர் 1,200 முறை எரிகிறது. பத்து மணி நேரத்தில் அது 7,20,000 முறை. கம்பியை மாறி மாறி வளைத்தால் ஒடிவதைப் போல, கண்ணுக்குத் தெரியாத விரிசல் ஒன்று வளர்ந்து போல்ட்டை முறிக்கிறது. அதனால்தான் சோதனை ஓட்டத்தில் நன்றாக ஓடிய எஞ்சின், பல மணி நேரம் பறந்த பிறகு கைவிடுகிறது.

இதைவிடச் சிறிய மறதிகளும் போதும். 1983 மே 5 அன்று அமெரிக்காவின் மயாமியிலிருந்து பஹாமாஸ் நாட்டின் நசாவ் நகருக்குப் புறப்பட்ட ஈஸ்டர்ன் நிறுவனத்தின் டிரைஸ்டார் பயணிகள் விமானத்தில், ஆயிலில் சேரும் உலோகத் துகள்களைக் காட்டும் கருவிகளை மாற்றியபோது, கசிவைத் தடுக்கும் ஓ-ரிங் வளையங்களைப் போடாமல் விட்டதால், மூன்று எஞ்சின்களிலிருந்தும் ஆயில் வெளியேறியது. முதலில் நிறுத்திவைத்த எஞ்சினை மீண்டும் இயக்கி மயாமியிலேயே இறங்கினார்கள். 172 பேரும் பிழைத்தனர். உங்கள் மகள் ஓட்டப்போவதிலோ இருப்பதே ஓர் எஞ்சின்.

ஆகவே பயிற்சிப் பள்ளியில் விமானத்தின் வயதை விசாரிப்பதைவிட, அண்மையில் எதைக் கழற்றினார்கள், வேலை செய்தவரைத் தவிர வேறொருவரும் அதைப் பார்த்தாரா, அதற்குப் பின் மாணவர் ஏறுமுன் யார் பறந்து பார்த்தார் என்று விசாரியுங்கள். இந்தியாவில் உரிமம் பெற்ற பராமரிப்புப் பொறியாளர் கையெழுத்திட்ட பிறகே விமானம் பறக்கலாம் என்பது உண்மை. ஆனால், பாதி இறுக்கிய நிலையில் தொலைபேசி அழைப்புக்காக எழுந்து போனவரின் கவனச் சிதறலைக் கையெழுத்து காட்டாது.

கேள்வி: எஞ்சின் நின்றால் விமானம் உடனே விழுந்துவிடுமா?
- அதே வாசகி

பதில்: விழாது, மிதந்து இறங்கும். காற்று வீசாத நிலையில் செஸ்னா 172 ஒரு கிலோமீட்டர் உயரத்திலிருந்து ஏறத்தாழ ஒன்பது கிலோமீட்டர் வரை போகும். சிக்கலெல்லாம் புறப்பட்ட முதல் நிமிடத்தில்தான். உயரம் போதாத அந்த நேரத்தில் ஓடுபாதைக்குத் திரும்ப முயலாமல், ஏறக்குறைய நேர் எதிரே கிடைக்கும் வெளியில் இறங்கவே பயிற்றுவிப்பார்கள். ஜக்கூரைச் சுற்றி அப்படிப்பட்ட வெளி எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்பதை மாடியிலிருந்து பார்க்கும் நீங்களே அறிவீர்கள்.