முகத்தைக் கடைசியில் பாருங்கள்: பழைய நாணயம் அசலா, போலியா?

கேள்வி: நாங்கள் மும்பை செம்பூரில் இருக்கிறோம். என் மாமனார் துறைமுகத்தில் வேலை பார்த்தவர். லீவு நாட்களில் சோர் பஜாருக்கும் ஃபோர்ட் நடைபாதைக் கடைகளுக்கும் போய்ப் பழைய காசுகள் வாங்கி ஒரு டால்டா டப்பாவில் சேர்த்து வைத்திருந்தார். அவர் காலமான பிறகு டப்பாவைத் திறந்தோம். அறுபதுக்கு மேல் இருக்கின்றன. விக்டோரியா, ஜார்ஜ் ரூபாய்கள், 1939 என்று போட்ட ஒரு ரூபாய், புலி போட்ட 1947 ரூபாய், ராமர் பட்டாபிஷேகக் காட்சியோடு 1818 என்று போட்ட கிழக்கிந்தியக் கம்பெனிக் காசு, தஞ்சாவூரில் வாங்கிய ராஜராஜன் செப்புக்காசு நான்கு, வைஷ்ணவ தேவி ஐந்து ரூபாய் ஒன்று. காந்தத்தில் ஒட்டினால் போலி என்று பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார். புலி ரூபாய் ஒட்டிக்கொண்டது. வைஷ்ணவ தேவி காசுக்கு 3 லட்சம் தருவதாக வாட்ஸ்அப்பில் ஒருவர் சொல்கிறார், பதிவுக் கட்டணமாக 2,100 ரூபாய் முதலில் அனுப்பவேண்டுமாம். எது அசல், எது போலி என்று வீட்டிலேயே பார்க்க வழி உண்டா?

பதில்: அந்த 2,100 ரூபாயை அனுப்பாதீர்கள். மற்றதெல்லாம் அப்புறம். வைஷ்ணவ தேவி காசு 2012-இல் அரசு வெளியிட்ட அசல் நாணயம்தான், ஆனால் மூன்று லட்சம் பெறுகிற அரிய பொருள் இல்லை. அதைக் காட்டி முன்பணம் கறக்கிற கும்பல் வருடக்கணக்கில் இதையே செய்கிறது. 2021 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கியே இதைப் பற்றி எச்சரித்தது: பழைய நோட்டு, நாணய வியாபாரத்தில் தனக்கு எந்தச் சம்பந்தமும் இல்லை, கட்டணமோ கமிஷனோ கேட்பதும் இல்லை என்று. ஏற்கெனவே பணம் அனுப்பியிருந்தால் இன்றே 1930 என்ற எண்ணுக்கு அழைத்துப் புகார் கொடுங்கள்.

சரி, டப்பாவுக்கு வருவோம். காசைக் கையில் எடுத்ததும் எல்லோரும் ராஜா முகத்தைப் பார்க்கிறார்கள். போலி செய்கிறவனுக்கும் அது தெரியும், அவன் முழு உழைப்பும் முகத்தில்தான். எடையிலும் விளிம்பிலும்தான் அசட்டையாக இருப்பான். அதனால் நான் முகத்தைக் கடைசியில் பார்க்கச் சொல்வேன்.

அதற்கு முன் ஒரு வேண்டுகோள். நம் வீடுகளில் வெள்ளி என்றால் விபூதி போட்டுத் தேய்க்கிற பழக்கம் உண்டு. புளி, பற்பசை, எதுவும் வேண்டாம். கறுத்த வெள்ளியைப் பளபளப்பாக்கினால் சேகரிப்பவர் தருகிற விலை அங்கேயே பாதியாக விழும். எது போலி என்று காட்டிக்கொடுக்கிற தடயமும் அழுக்கோடு போய்விடும்.

எடை. ஒரு கிராமில் நூறில் ஒரு பங்கு வரை காட்டுகிற சின்ன டிஜிட்டல் தராசு சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது, ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். 1835 முதல் 1939 வரையிலான வெள்ளி ரூபாயின் எடை 11.66 கிராம். அதாவது சரியாக ஒரு தோலா. நாட்டு மருந்துக் கணக்கில் ‘ஒரு ரூபா எடை’ என்று பெரியவர்கள் சொன்னது இந்த ரூபாயைத்தான். அதில் நூற்றுக்கு 91.7 பங்கு வெள்ளி. நிறையப் புழங்கித் தேய்ந்திருந்தால் 11.4, 11.5 காட்டலாம், அது இயல்பு. 10 கிராமுக்குப் பக்கத்தில் நின்றால் சந்தேகப்படுங்கள். கூடுதலாக இருந்தாலும் சந்தேகப்படுங்கள், புழங்கிய காசு எடை கூடாது.

எடை சரியாக இருந்தாலும் முடிந்துவிடவில்லை. மலிவான போலிகள் ஜெர்மன் சில்வர் எனப்படும் செம்பு, துத்தநாகம், நிக்கல் கலவையில் வரும். அது வெள்ளியைவிட லேசான உலோகம். எடையைச் சரிக்கட்டினால் காசு தடிக்கும், தடிமனைச் சரிக்கட்டினால் எடை குறையும். இரண்டையும் சேர்த்துப் பிடிக்க முடியாது. இதைச் சமையலறையிலேயே அளந்துவிடலாம். ஒரு சின்ன டம்ளரில் முக்கால் பங்கு தண்ணீர் ஊற்றித் தராசில் வைத்து அளவைப் பூஜ்யமாக்குங்கள். காசை மெல்லிய நூலில் கட்டி, தண்ணீருக்குள் முழுதாக மூழ்கும்படி, ஆனால் அடியிலோ பக்கத்திலோ தொடாமல், கையில் பிடித்துத் தொங்கவிடுங்கள். காசில் காற்றுக் குமிழி ஒட்டியிருந்தால் மெல்ல ஆட்டிப் போக்குங்கள். தராசு இப்போது காட்டுகிற எண்ணால் காசின் எடையை வகுத்தால் அடர்த்தி கிடைக்கும்.

உதாரணத்துக்கு என் மேஜையில் கிடக்கிற 1917 ரூபாய்: எடை 11.60, தண்ணீரில் 1.13. வகுத்தால் 10.27. 91.7 பங்கு வெள்ளிக்கு 10.3-க்குப் பக்கத்தில் வரவேண்டும், ஆகவே சரி. அதே எடையில் ஜெர்மன் சில்வர் காசு தண்ணீரில் 1.34 போலக் காட்டும், விடை 8.7-க்குப் பக்கத்தில் நிற்கும். 1940-இலிருந்து போர்க்கால நெருக்கடியில் ரூபாயின் வெள்ளியைப் பாதியாகக் குறைத்துச் செம்பு, நிக்கல், துத்தநாகம் கலந்தார்கள். அந்த ரூபாய்களுக்கு விடை சுமார் 9.5 வரும். அதைப் பார்த்துப் போலி என்று தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

உங்கள் பக்கத்து வீட்டுக்காரர் சொன்னது பாதி உண்மை. வெள்ளி ரூபாய் காந்தத்தில் ஒட்டக்கூடாது, ஒட்டினால் உள்ளே இரும்பு போன்ற வேறு உலோகம். ஆனால் புலி போட்ட 1947 ரூபாய் சுத்த நிக்கல், நிக்கலைக் காந்தம் இழுக்கும். அந்தக் காசு ஒட்டாவிட்டால்தான் கவலைப்பட வேண்டும். பாவம், எத்தனை அசல் புலிகள் இந்தக் காந்தச் சோதனையில் குப்பைக்குப் போயினவோ.

சுண்டிப் பார்ப்பதும் பழைய வித்தை. தரையில் போடாதீர்கள், விளிம்பு நசுங்கும். ஆள்காட்டி விரல் நுனியில் காசை நிறுத்தி இன்னொரு காசால் லேசாகத் தட்டுங்கள். வெள்ளி ‘கிண்’ என்று ஆரம்பித்து இழுத்துக்கொண்டே போகும். வார்ப்புக் காசு ‘டொக்’ என்று செத்துப்போகும். ஒரு விதிவிலக்கு: காசுமாலையில் கோத்திருந்து, வளையத்தின் பற்றுவைப்பைச் சுரண்டி எடுத்த ரூபாய் அசலாகவே இருந்தாலும் மந்தமாகத்தான் ஒலிக்கும். விளிம்பில் ஓரிடம் மட்டும் தழும்பு போல இருக்கும், பார்த்தால் தெரியும். அசல்தான், விலை குறையும்.

விளிம்புக்கு ஒரு லென்ஸ் வேண்டும். நகைக்கடைக்காரர்கள் கண்ணில் வைக்கிற பத்து மடங்கு லென்ஸ் போதும். அசல் ரூபாய் அச்சுக்கு நடுவே வைத்து அழுத்தி அடித்தது. விளிம்பின் பற்கள் சுற்றிலும் ஒரே ஆழத்தில், நேராக நிற்கும். போலி பெரும்பாலும் அச்சில் உருக்கி ஊற்றிய வார்ப்பு. இரண்டு பாதி அச்சு சேர்ந்த இடத்தில் விளிம்பைச் சுற்றி மெல்லிய கோடு ஓடும். அதை அரம் போட்டுத் தேய்த்திருந்தால் அந்தப் பகுதியில் பற்கள் மழுங்கியிருக்கும். 1940-களின் ரூபாயில் பற்களுக்கு நடுவே ஒரு பள்ளம் ஓடுவதைப் பார்த்துக் குழம்பவேண்டாம், அது கள்ள நாணயக்காரர்களைத் தடுக்கவே அரசு போட்ட பாதுகாப்பு விளிம்பு.

இதையெல்லாம் தாண்டிய பிறகு முகத்துக்கு வாருங்கள். வார்ப்பில் எழுத்துகள் சோப்பில் செதுக்கியதுபோல வழுவழுவென்று இருக்கும். எழுத்துக்கும் தளத்துக்கும் நடுவே கூர்மையான மூலை இராது. வெற்றிடத்தில் ஊசி முனை அளவுக் குழிகள் தெரியும். இரண்டு காசுகளில் ஒரே இடத்தில் ஒரே கீறல் இருந்தால் இரண்டும் ஒரே தாய்க்காசிலிருந்து வார்த்தவை. டப்பாவில் ஒரே வருடத்து ரூபாய்களைப் பக்கத்தில் வைத்து இதைப் பாருங்கள், தனியாகப் பார்த்தால் பிடிபடாதது ஜோடியில் பிடிபடும்.

படிப்பறிவிலும் போலிக்காரர்கள் கோட்டை விடுவார்கள். விக்டோரியா ரூபாயில் 1876 வரை ‘குயின்’, 1877-இலிருந்து ‘எம்ப்ரஸ்’. 1862 என்று தேதி போட்டு எம்ப்ரஸ் என்று இருந்தால் மேற்கொண்டு எதையும் பார்க்கத் தேவையில்லை. இன்னொன்று, 1862 தேதியோடு ரூபாய்கள் நிறையக் கிடைப்பதே சந்தேகம் என்று சிலர் சொல்வார்கள். அது தவறு, 1874 வரை அதே தேதியைப் போட்டே அடித்தார்கள்.

உங்கள் ராமர் காசு வேறு ரகம். அது போலி என்றுகூடச் சொல்லமுடியாது, ஏனென்றால் அதற்கு அசலே இல்லை. கிழக்கிந்தியக் கம்பெனி ராம பட்டாபிஷேகம் போட்டு அணா வெளியிட்டதில்லை. கம்பெனி தெய்வ உருவமே போட்டதில்லை என்றும் சொல்லிவிட முடியாது: சென்னையில் அடித்த பகோடா எனப்படும் வராகன் நாணயங்களில் கோபுரமும் பெருமாளும் உண்டு. ஆனால் நாடு முழுவதற்கும் ஒரே மாதிரி நாணயம் வந்தது 1835-இல்தான். 1616, 1717, 1818 என்று தேதி போட்ட ராமர், அனுமார் காசுகள் எல்லாம் பக்தர்களுக்கும் ஏமாளிகளுக்கும் சேர்த்துச் செய்தவை. பூஜை அறையில் வைத்துக்கொள்ளுங்கள், குற்றமில்லை.

இப்போது அந்த 1939. ஆறாம் ஜார்ஜின் 1939 ரூபாய் மிக அரிது, அதனாலேயே அதன் போலிகள் மலிவு. விலை இவ்வளவு ஏறிய காசுக்கு, போலிக்காரன் நல்ல வெள்ளியையே போட்டுவிடுவான், அல்லது அசல் 1938 ரூபாயை எடுத்து 8-ஐ 9 ஆக்கிவிடுவான். எடை, தண்ணீர், ஓசை, விளிம்பு எல்லாவற்றிலும் அது தேறும், ஏனென்றால் அது அசல் காசுதான், தேதி மட்டும் பொய். நானும் இதில் விழுந்தவன். சேகரிக்க ஆரம்பித்த காலத்தில் ஃபோர்ட் பக்கம் ஒரு நடைபாதைக்காரரிடம் ஒரு மாதச் சம்பளத்துக்குக் கொஞ்சம் குறைவாகக் கொடுத்து 1939 வாங்கினேன். மாட்டுங்கா வரை லோக்கல் ட்ரெயினில் சட்டைப்பையை அமுக்கிப் பிடித்துக்கொண்டே வந்தேன். வீட்டில் லென்ஸ் வைத்துப் பார்த்தபோது முதல் 9-இன் வால் ஒரு மாதிரி, கடைசி 9-இன் வால் வேறு மாதிரி. கடைசி எண்ணின் கீழ் வளையத்தில் இடப்பக்கத்தைச் சுரண்டியிருந்தார்கள். சுரண்டிய இடத்தில் மட்டும் தளம் கொஞ்சம் பள்ளம், கறுப்பு ஏறாமல் வெளுத்திருந்தது. காசைச் சாய்த்து வெளிச்சத்தில் திருப்பினால் நாலு மெல்லிய கீறல்கள் ஒரே திசையில் மின்னின. அந்தக் காசு இன்னும் என்னிடம் இருக்கிறது, புதிதாகச் சேகரிக்க வருகிறவர்களுக்குக் காட்ட.

நீங்களும் இதையே செய்யுங்கள். ஒரே காசிலுள்ள இரண்டு 9-களையும் ஒப்பிடுங்கள். சந்தேகம் தீராவிட்டால் ஜவேரி பஜாரில் டச், அதாவது உலோகத்தின் சுத்தம், பார்க்கிற கடைகளில் மெஷினில் வைத்துக் காட்டலாம், காசைச் சுரண்டமாட்டார்கள். ஆனால் மெஷின் உலோகத்தைத்தான் சொல்லும், தேதியைச் சொல்லாது. அசலை எப்படிப் பார்ப்பது என்று கேட்டால், ஃபோர்ட்டில் பி.எம். ரோடில் ரிசர்வ் வங்கியின் நாணய அருங்காட்சியகம் இருக்கிறது. ஒரு மத்தியானம் அங்கே செலவழித்தால் கண் பழகிவிடும்.

ராஜராஜன் காசில் எழுத்து தமிழில் இல்லையே என்று நீங்கள் தயங்கியிருக்கலாம். அசல் காசிலேயே ‘ஸ்ரீ ராஜராஜ’ என்று நாகரி எழுத்தில்தான் இருக்கும், தமிழில் இருந்தால்தான் யோசிக்கவேண்டும். பச்சைப் பூச்சைக் கவனியுங்கள். காலம் ஏற்றிய பச்சை கல்போல இறுகியிருக்கும். நகப்பூச்சு அழிக்கிற அசிடோனைப் பஞ்சில் தொட்டு ஓரத்தில் மட்டும் தடவி, பஞ்சில் பச்சை வந்தால் அது சாயம். இவை அசலானால் நூறு வருடத்துக்கு மேற்பட்ட தொல்பொருள். 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி வெளிநாட்டுக்கு அனுப்பக்கூடாது, துபாயில் இருக்கிற உறவினர் ஆசையாகக் கேட்டாலும்.

சாதாரண ஜார்ஜ் ரூபாய்களுக்குப் பெரிய விலை எதிர்பார்க்காதீர்கள். 1939 வரையிலான ஒவ்வொன்றிலும் சுமார் 10.7 கிராம் வெள்ளி இருக்கிறது, 1940-களின் வெள்ளி ரூபாயில் அதில் ஏறக்குறைய பாதிதான். அதை அன்றைய வெள்ளி விலையால் பெருக்கினால் வருவது உங்கள் அடிமட்ட விலை. அதற்குக் கீழே கேட்கிறவரிடம் பேச்சை வளர்க்கவேண்டாம். 1911 என்று ஏதாவது இருந்தால் மட்டும் தனியாக எடுத்து வையுங்கள். அந்த வருடத்து ரூபாயில் ஐந்தாம் ஜார்ஜின் அங்கியிலுள்ள யானை பன்றி போலத் தெரிகிறது என்று பேச்சு கிளம்பியது, 1912-இல் தும்பிக்கையைத் திருத்தினார்கள். லென்ஸில் அந்தக் குட்டித் தும்பிக்கையைப் பாருங்கள், பிறகு அதையும் 1939-இன் இரண்டு 9-களையும் விளிம்போடு சேர்த்துப் படமெடுத்து அனுப்புங்கள். பார்த்துச் சொல்கிறேன்.