தம்பி கேப்பர் மலை சிறையில்: மனு பார்க்கப் போகும் முன்

கேள்வி: எங்கள் ஊர் புதுச்சேரி மாநிலத்துப் பாகூர். என் தம்பிக்கு 24 வயது, ஐ.டி.ஐ. படிப்பைப் பாதியில் விட்டவன். போன வாரம் சிநேகிதனின் பைக்கில் பாண்டி பாட்டில்கள் எடுத்துப் போனபோது கடலூர் எல்லையில் பிடித்து, கேப்பர் மலை மத்திய சிறையில் அடைத்துவிட்டார்கள். முன்பு எந்த வழக்கும் இல்லை. அவனை எப்படிப் பார்ப்பது? சாப்பாடு, பணம் கொடுக்கலாமா? எங்கள் மாநிலத்துக் காலாப்பட்டு சிறைக்கு மாற்ற முடியுமா? அடுத்த மாதம் எனக்குக் கல்யாணம், பரோல் கிடைக்குமா? உள்ளே சும்மா உட்கார்ந்து கெட்டுப்போவானோ என்று அம்மா அழுகிறார்.

பதில்: பரோல் என்ற சொல்லை இப்போதைக்கு மறந்துவிடுங்கள். அது தண்டனைக் கைதிகளுக்கு உரியது. 1982-ஆம் ஆண்டின் தண்டனை நிறுத்திவைப்பு விதிகளின்படி தமிழகத்தில் கொடுக்கப்படும் விடுப்பைத்தான் நாம் பரோல் என்கிறோம். உங்கள் தம்பி விசாரணைக் கைதி. அவரை வெளியே விடும் அதிகாரம் சிறைக் கண்காணிப்பாளருக்கு இல்லை, நீதிமன்றத்துக்குத்தான் உண்டு. கல்யாணத்துக்கு வரவேண்டுமானால் ஜாமீன் கேட்க வேண்டும். அதற்குள் ஜாமீன் கிடைக்காவிட்டால், கல்யாணப் பத்திரிகையை இணைத்து இடைக்கால ஜாமீன் கேட்கலாம். சிறை வாசலில் பரோல் மனுவோடு நின்று ஒரு வாரத்தைத் தொலைத்த குடும்பங்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

காலாப்பட்டுக்கு மாற்றுவதும் நடக்காது. வழக்கு எந்த நீதிமன்றத்தில் இருக்கிறதோ அதற்குட்பட்ட சிறையில்தான் விசாரணைக் கைதியை வைப்பார்கள். உண்மையில் பாகூரிலிருந்து காலாப்பட்டைவிடக் கடலூர்தான் கிட்டம். (புதுச்சேரியிலிருந்து கிளம்பி எல்லையில் பிடிபட்டு, கடலூர் சிறைக்குப் போனவர்களில் பாரதியாரும் ஒருவர். அது 1918 நவம்பரில். அவர் மேல் பாட்டில் வழக்கு இல்லை என்பது வேறு விஷயம்!)

சரி, மனு பார்ப்பது. சிறைச் சந்திப்பை உள்ளே இருப்பவர்களும் வாசலில் நிற்பவர்களும் அப்படித்தான் சொல்வார்கள். இ-முலாகாத் என்ற அரசுத் தளத்தில் உங்கள் கைபேசி எண்ணையும், மாநிலம், சிறை, கைதியின் பெயர், உறவு முறை ஆகியவற்றையும் கொடுத்து முன்பதிவு செய்துகொள்ளுங்கள். விடுமுறை நாளில் போய் ஏமாறாதீர்கள். போகும் ஒவ்வொருவரும் அசல் ஆதார் அட்டை எடுத்துப்போக வேண்டும். உறவைக் காட்ட ரேஷன் கார்டும் கையில் இருக்கட்டும். பேசக் கிடைப்பது சில நிமிடங்கள்தான். அம்மா அழுதே அந்த நேரம் கரைந்துவிடும். கேட்க வேண்டியதை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள்: வக்கீல் வந்தாரா, அடுத்த வாய்தா எப்போது, உடம்பு எப்படி, என்ன வேண்டும்.

விசாரணைக் கைதி சொந்த உடையே உடுத்தலாம். இரண்டு மூன்று செட் போதும். வீட்டுச் சாப்பாட்டைத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள், வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடக்கூடும். பணத்தைக் கையில் கொடுக்க முடியாது. அவர் பெயரில் உள்ள சிறைக் கணக்கில் கட்டினால் கேன்டீனில் சோப்பு, பிஸ்கட் வாங்கிக்கொள்வார். தினசரி மாத்திரை சாப்பிடுபவர் என்றால், மருந்துச் சீட்டைச் சிறை மருத்துவரிடம் சேர்ப்பிக்கச் சொல்லுங்கள். வெளியே யாராவது "இந்தப் பொட்டலத்தையும் உங்கள் தம்பிகிட்ட கொடுத்துடுங்க அக்கா" என்றால் தொடவே தொடாதீர்கள். உள்ளே கஞ்சாவோ சிம் கார்டோ இருந்தால், அடுத்த வழக்கு உங்கள் மேல்தான்.

வக்கீலுக்குப் பணமில்லை என்றால் 15100 என்ற எண்ணில் பேசுங்கள், அல்லது கடலூர் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். காவலில் இருப்பவருக்கு, வருமானம் எவ்வளவாக இருந்தாலும், 1987-ஆம் ஆண்டுச் சட்டப்படி இலவச வக்கீல் உண்டு. ஜாமீன் கிடைத்த பிறகு பாண்டிக்காரர்கள் மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்று இருக்கிறது: 'உள்ளூர் ஜாமீன்தார் கொண்டு வா' என்பார்கள். வெளியூர்க்காரர் என்ற ஒரே காரணத்துக்காக ஜாமீன்தாரை மறுக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1978-லேயே மோதிராம் வழக்கில் சொல்லிவிட்டது. வக்கீலிடம் அதை நினைவுபடுத்துங்கள். ஆனாலும் கடலூர்ப் பக்கம் சொந்தக்காரர் யாராவது இருந்தால் இப்போதே பேசி வைப்பது புத்திசாலித்தனம்.

வழக்கு இழுத்துக்கொண்டே போனால், புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 479-ஆவது பிரிவு இருக்கிறது. அதிகபட்சத் தண்டனையில் மூன்றில் ஒரு பங்கை உள்ளேயே கழித்துவிட்ட முதல்முறைக் குற்றவாளி ஜாமீனில் விடும்படி கோரலாம். ஒன்றுக்கு மேல் வழக்கு நிலுவையில் இருந்தால் இது பொருந்தாது. எனக்குப் பெரிய கவலை அந்தச் சிநேகிதன்தான். மது கடத்தலே தொழிலாக இருப்பவர்கள் மேல் 1982-ஆம் ஆண்டுக் குண்டர் சட்டம் பாயும், 12 மாதம் வரை உள்ளே வைக்கலாம். முதல் வழக்கில் பெரும்பாலும் அது வராது. இரண்டாவது, மூன்றாவது என்று போனால் வரும்.

உள்ளே சும்மா உட்காரத்தான் வேண்டுமா? வேண்டியதில்லை. கடுங்காவல் தண்டனை பெற்றவர்தான் கட்டாயம் வேலை செய்ய வேண்டும். விசாரணைக் கைதி விருப்பப்பட்டுக் கேட்கலாம், ஆனால் தொழில் பயிற்சியில் முன்னுரிமை தண்டனைக் கைதிகளுக்கே. எந்த நாளும் வெளியே போகக்கூடியவரை ஆறு மாதப் பயிற்சியில் சேர்க்க அதிகாரிகள் தயங்குவார்கள். அதில் நியாயமும் இருக்கிறது. நூலகம் அப்படியல்ல. 'கூண்டுக்குள் வானம்' என்ற பெயரில் புத்தகக் காட்சிகளில் அரங்கு போட்டுச் சிறைத்துறை நூல்களை நன்கொடையாகப் பெறுகிறது. பத்தாவது, பன்னிரண்டாவது பொதுத்தேர்வைச் சிறையிலிருந்தே எழுதுகிறவர்கள் ஆண்டுதோறும் இருக்கிறார்கள், திறந்தநிலைப் பல்கலைக்கழகப் படிப்பும் உண்டு. தம்பியை நல அலுவலரிடம் பேசச் சொல்லுங்கள்.

வீட்டில் உள்ள அவருடைய ஐ.டி.ஐ. சேர்க்கைச் சீட்டையும் மதிப்பெண் பட்டியலையும் தேடி எடுத்து, நகலை வக்கீலிடம் கொடுங்கள். ஒருவேளை குற்றம் நிரூபணமானாலும், 1958-ஆம் ஆண்டு நன்னடத்தைச் சட்டத்தின் 4-ஆவது பிரிவில் சிறைக்கு அனுப்பாமல் விடும்படி கேட்பதற்கு அந்தத் தாள்கள் உதவும். வேலை தருவதாக ஊரில் ஒரு மெக்கானிக் கடைக்காரர் கடிதம் எழுதிக்கொடுத்தால், அதையும் சேர்த்துக் கொடுங்கள்.