தாய்லாந்தில் ஓய்வுக்காலம்: ஓராண்டு அனுமதியும் அதற்கான பணமும்

கேள்வி: எனக்கு வயது 63. மத்திய அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்றுப் பெங்களூரு ஜாலஹள்ளியில் வசிக்கிறேன். மாத ஓய்வூதியம் 70,000 ரூபாய். 57 வயதான என் மனைவியுடன் தாய்லாந்தின் சியாங் மாயில் சில ஆண்டுகள் தங்க விரும்புகிறேன். 90 நாள் விசாவில் சென்று அங்கேயே ஓராண்டுக்கு நீட்டித்துக்கொள்ளலாம் என்றும், விண்ணப்பிப்பதற்கு முந்தைய நாள் வங்கியில் பணம் இருந்தால் போதும் என்றும் ஒரு முகவர் கூறுகிறார். நம்பலாமா?

பதில்: முகவர் சொன்னவற்றுள் முதலாவது சரி, இரண்டாவது தவறு. 50 வயதைக் கடந்தவர் 'நான்-இமிக்ரன்ட் ஓ' என்ற வகை விசாவில் 90 நாள் அனுமதியுடன் நுழைந்து, அது முடிவதற்கு முந்தைய 30 நாட்களுக்குள் குடிவரவு அலுவலகத்தில் 1,900 பாட் (தாய்லாந்து நாணயம்) கட்டணம் செலுத்தி ஓராண்டு நீட்டிப்புக்கு விண்ணப்பிக்கலாம். மாதம் 65,000 பாட் வருமானம் காட்ட வேண்டும். அல்லது தாய்லாந்து வங்கியில் 8 லட்சம் பாட் இருக்க வேண்டும். ஒரு பாட்டின் மதிப்பு இரண்டரை ரூபாய்க்கு மேல் இருப்பதால் உங்கள் ஓய்வூதியம் முதல் வழிக்குப் பாதிகூட எட்டாது. வருமானத்தையும் வைப்பையும் கூட்டிக் காட்டும் வழியும் விதிகளில் உண்டு. ஆயினும் வருமானச் சான்றை ஆண்டுதோறும் புதிதாகத் திரட்ட வேண்டியிருக்கும் என்பதால், கையில் சேமிப்பு உள்ளவருக்கு வைப்பையே பரிந்துரைப்பேன்.

அந்த 8 லட்சம் பாட், விண்ணப்பிக்கும் நாளுக்கு முன்பே முழுமையாக இரண்டு மாதங்கள் உங்கள் பெயரிலுள்ள கணக்கில் இருந்திருக்க வேண்டும். அனுமதி கிடைத்த பின்னும் மூன்று மாதங்கள் அதைத் தொடக்கூடாது. அதன் பிறகும் இருப்பு 4 லட்சம் பாட்டுக்குக் கீழே இறங்கக்கூடாது. அடுத்த ஆண்டு நீட்டிப்புக்கு மீண்டும் இரண்டு மாதம் முன்னதாக 8 லட்சமாக நிரப்ப வேண்டும் என்பதால், உண்மையில் செலவுக்கு எடுக்கக்கூடிய காலம் ஏழு மாதங்களே. முதல் முறை செல்பவருக்கு நெருக்கடி இன்னும் அதிகம்: 90 நாட்களில் 60 நாட்கள் பணம் கணக்கில் கிடந்தாக வேண்டுமென்றால், போய் இறங்கி, முகவரிச் சான்று பெற்று, வங்கிக் கணக்கு தொடங்கி, இந்தியாவிலிருந்து பணத்தை வரவழைப்பது அனைத்தும் முதல் மாதத்துக்குள் முடிய வேண்டும். பணத்தை நாங்களே 'ஏற்பாடு' செய்கிறோம் என்று சொல்லும் முகவர்கள் இந்த நெருக்கடியில்தான் நுழைகிறார்கள். அப்படிப் பெறும் அனுமதி பொய்யான ஆவணத்தின் மேல் நிற்பது. பின்னால் கேள்வி எழுந்தால் பதில் சொல்ல வேண்டியவர் கடவுச்சீட்டின் உரிமையாளரே.

இந்தியாவிலிருந்து பணம் அனுப்புவதற்கும் ஒரு கணக்கு உண்டு. தனிநபர் வெளிநாட்டுக்குப் பணம் அனுப்ப ரிசர்வ் வங்கி அனுமதிக்கும் எல்.ஆர்.எஸ். திட்டத்தில் ஒருவர் ஒரு நிதியாண்டில் 2,50,000 டாலர் வரை அனுப்பலாம் என்பதால் வரம்பு தடையாகாது. ஆனால் 10 லட்சம் ரூபாயைத் தாண்டும் தொகைக்கு வங்கி 20 சதவீதம் டி.சி.எஸ். (முன்கூட்டியே வசூலிக்கும் வரி) பிடிக்கும். 8 லட்சம் பாட் என்பது 20 லட்சம் ரூபாய்க்கு மேல் என்பதால், ஒரே ஆண்டில் அனுப்பினால் சுமார் இரண்டு லட்சமோ அதற்கு மேலோ முடங்கும். வருமான வரிக் கணக்கில் அதை ஈடுசெய்துகொள்ளலாம், மிகுதியைத் திரும்பவும் பெறலாம். ஆனால் அதுவரை அந்தப் பணம் உங்கள் கையில் இராது. மார்ச் நடுவில் சென்று, மாத இறுதிக்குள் ஒரு பகுதியையும் ஏப்ரல் தொடக்கத்தில் மறுபகுதியையும் வரவழைத்தால் இந்தப் பிடித்தம் பெருமளவு குறையும். சியாங் மாயில் அது வயல்களும் காடுகளும் எரிந்து புகை மூடும் பருவம் என்பதையும் சேர்த்தே முடிவு செய்யுங்கள். மனைவியின் எல்.ஆர்.எஸ். வரம்பைப் பயன்படுத்தி உங்கள் வெளிநாட்டுக் கணக்கில் அன்பளிப்பாகச் சேர்ப்பதற்கு ரிசர்வ் வங்கி விதி இடம் தராது.

உங்கள் மனைவி தமக்கெனத் தனி 8 லட்சம் காட்டாமல், உங்களைச் சார்ந்தவராக நீட்டிப்புப் பெறலாம். அதற்குத் திருமணப் பதிவுச் சான்று வேண்டும். உச்ச நீதிமன்றம் 2006இல் கட்டாயப் பதிவை வலியுறுத்துவதற்கு முன் மணமுடித்த நம் குடும்பங்கள் பலவற்றில் அழைப்பிதழையும் புகைப்படத்தையும் தவிர வேறு ஆதாரம் இருப்பதில்லை. துணைப் பதிவாளர் அலுவலகத்தில் இப்போதும் பதிவு செய்யலாம். பிறகு அந்தச் சான்றுக்கு வெளியுறவு அமைச்சகத்தின் சான்றொப்பமும் தாய்லாந்துத் தூதரகத்தின் ஒப்புதலும் பெற வாரங்கள் ஆகும். எனவே விசாவைக் கேட்பதற்கு முன் இதைத் தொடங்குங்கள்.

கேள்வி: என் அண்ணன் ஓராண்டு நீட்டிப்புடன் தாய்லாந்தின் ஹுவா ஹினில் இருக்கிறார். பெங்களூரு அல்சூரில் நடக்கும் ஒரு குடும்பத் திருமணத்துக்கு வந்து திரும்ப எண்ணுகிறார். 90 நாள் அறிக்கையை ஒழுங்காகக் கொடுத்து வருகிறார், அது போதுமா?

பதில்: போதாது. 90 நாள் அறிக்கை என்பது முகவரியைத் தெரிவிக்கும் கடமை மட்டுமே. அது தங்கும் உரிமையை நீட்டிப்பதும் இல்லை, காப்பதும் இல்லை. மறுநுழைவு அனுமதி பெறாமல் நாட்டைவிட்டு வெளியேறினால் ஓராண்டு நீட்டிப்பு அந்தக் கணமே செல்லாததாகிவிடும். மறுநுழைவு அனுமதிக்குக் கட்டணம் ஒரு முறைக்கு 1,000 பாட், பல முறைக்கு 3,800 பாட். பாங்காக்கின் சுவர்ணபூமி விமான நிலையத்திலும் பெறலாம் என்றாலும், முன்பே குடிவரவு அலுவலகத்தில் வாங்கிக்கொள்வது நல்லது. திருமணத்துக்கு நாள் குறித்து வருகிறோம். துக்கச் செய்தி அப்படி வருவதில்லை. ஆகவே பெங்களூருவில் நெருங்கிய உறவினர் உள்ளவர்கள் பல முறைக்கான அனுமதியை ஆண்டின் தொடக்கத்திலேயே வாங்கிவிடலாம்.

கேள்வி: வெளிநாட்டில் இருக்கும்போது ஓய்வூதியத்துக்கான உயிர்வாழ் சான்றிதழை எப்படிக் கொடுப்பது?

பதில்: மத்திய அரசு ஓய்வூதியர்கள் நவம்பரில் தர வேண்டும், 80 வயதைக் கடந்தவர்கள் அக்டோபர் முதலே தரலாம். பாங்காக் இந்தியத் தூதரகத்திலோ சியாங் மாய் துணைத் தூதரகத்திலோ அதிகாரி முன்னிலையில் கையொப்பமிட்டு, அந்தச் சான்றிதழை ஓய்வூதியம் வழங்கும் வங்கிக் கிளைக்கு அனுப்புவது பழகிய வழி. புறப்படுவதற்கு முன் அந்தக் கிளையில் உங்கள் வெளிநாட்டு முகவரியையும் தொலைபேசி எண்ணையும் பதிந்து வையுங்கள்.