40 பவுனும் ஒரு கன்டெய்னர் துணியும்

கேள்வி: எங்களுக்கு மதுரை விளக்குத்தூண் அருகே ஜவுளிக் கடை. மாமனார் காலத்திலிருந்து சூடானில், ஓம்துர்மான் சந்தையிலும் ஒரு கடை உண்டு. அந்த ஊர்ப் பெண்கள் உடுத்தும் ‘தோப்’ துணி வியாபாரம். 2023 ஏப்ரலில் போர் மூண்டதும் என் கணவர் கடையை அப்படியே விட்டுவிட்டு ஜெட்டா வழியாக ஊர் வந்து சேர்ந்தார். மறு வருடம் போர்ட் சூடானுக்குப் போய்ச் சிறியதாக ஒரு கடை போட்டிருக்கிறார். இப்போது என் 40 பவுன் நகையை அடகு வைத்து ஒரு கன்டெய்னர் துணி அனுப்பச் சொல்கிறார். ‘அந்தக் கடையை மூடினால் குடும்பத்தின் பெயர் போய்விடும்’ என்கிறார் மாமனார். 1990-இல் குவைத்தில் கடையை விட்டு ஓடிவந்த மாமியாரின் தம்பி, ‘போர் முடிந்தால் நஷ்டஈடு வரும், எனக்கு வந்ததே’ என்கிறார். கொடுக்கவா, வேண்டாமா?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, மதுரை

பதில்: கொடுக்க வேண்டாம், சகோதரி. உங்கள் கணவர் தவறான ஆள் என்பதால் அல்ல. குண்டு விழுந்த நாட்டுக்குத் திரும்பிப் போய்க் கடை போட்டவருக்குத் துணிச்சலுக்குக் குறைவில்லை. கணக்குதான் இடிக்கிறது.

அடகு வட்டி மதுரையில், ரூபாயில், மாதாமாதம் ஏறும். சரக்கு தூத்துக்குடியில் கப்பலேறி, இடையில் வேறு துறைமுகத்தில் கப்பல் மாறி, போர்ட் சூடானில் இறங்கி, சுங்கம் முடிந்து, சில்லறை வியாபாரிகளுக்குக் கடனுக்குப் போகும். வசூலாகி வருவது சூடான் பவுண்டு. போருக்கு முன் ஒரு டாலருக்கு சுமார் 600 பவுண்டு. 2024 முடிவதற்குள் வெளிச்சந்தையில் அது 2,000-ஐத் தாண்டிவிட்டது. நல்ல விலைக்கு விற்றாலும், பணம் கைக்கு வருவதற்குள் லாபம் கரைந்திருக்கும். அந்த 2024 கடைசியிலேயே ராணுவ அரசு 500, 1,000 பவுண்டு நோட்டுகளை மாற்றியது. எதிர்த்தரப்பின் கையில் இருந்த ஊர்களில் பழைய நோட்டு வைத்திருந்தவர்கள் மாற்ற வழியில்லாமல் நின்றார்கள். உங்கள் தெருவில் பர்மாவிலிருந்து திரும்பிய குடும்பம் ஏதாவது இருந்தால் கேட்டுப் பாருங்கள். 1964 மே மாதம் அங்கே 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்த கதையைப் பேரப்பிள்ளைகள்கூடச் சொல்வார்கள்.

‘சரக்குக்கு இன்சூரன்ஸ் இருக்கிறது’ என்று உங்கள் கணவர் சொல்லக்கூடும். கடல் சரக்குக் காப்பீட்டில் போர் அபாயத்துக்கென்று தனியாகப் பணம் கட்டினாலும், அந்தப் பாதுகாப்பு பொதுவாகச் சரக்கு கப்பலில் இருக்கும்வரைதான். கரையில் இறங்கிக் கிடங்குக்குப் போனபின் குண்டு விழுந்தால் அது உங்கள் நஷ்டம். போர்ட் சூடான் பத்திரமான ஊர் என்றுதான் எல்லாரும் நினைத்திருந்தார்கள். 2025 மே மாதம் அங்கேயும் ட்ரோன்கள் வந்தன, எண்ணெய்க் கிடங்குகள் எரிந்தன.

மாமியாரின் தம்பி சொல்வது பொய்யல்ல. ஆனால் குவைத் வேறு. அங்கே படையெடுத்த நாடு என்று ஈராக் இருந்தது, அதனிடம் எண்ணெய் இருந்தது. அந்த வருமானத்தில் ஒரு பங்கை எடுத்து ஐ.நா. ஆணையம் 2022 வரை மொத்தம் 5,240 கோடி டாலர் பட்டுவாடா செய்தது. ஊரை விட்டு ஓடிவந்ததற்கே தனி ஆளுக்கு 2,500 முதல் 4,000 டாலர் வரை நிர்ணயத் தொகை. கடை நஷ்டம் கேட்டவர்களிடம் அதற்குமேல் ஆதாரம் கேட்டார்கள். சூடானில் நடப்பது உள்நாட்டுச் சண்டை. யாரிடமிருந்து வசூலித்து யார் தருவார்கள்? மாமியாரின் தம்பியிடம் கேட்க வேண்டியது ஒன்று உண்டு: எந்தெந்தக் காகிதங்களைக் கொண்டுவந்தார் என்று. அதில் அவர் அனுபவஸ்தர்.

ஏனென்றால் ஓம்துர்மான் கடையில் இன்னும் மிச்சமிருக்கும் சொத்து, பற்று வரவு நோட்டுதான். கஸலாவில் எந்த வியாபாரி எவ்வளவு தரவேண்டும், எல் ஒபெய்தில் யார் பாதி கட்டினார், எந்தச் சாயம் யாருக்குப் பிடிக்கும் என்பதெல்லாம் அதில் இருக்கிறது. நோட்டு உங்கள் கணவர் கையில் இருந்தால் இன்று இரவே பக்கம் பக்கமாகப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். இல்லையென்றால், நினைவில் இருப்பதை எழுதச் சொல்லுங்கள். வாடகை ஒப்பந்தம், கடை உரிமம், பழைய சுங்க ரசீதுகளும் வரட்டும்.

அந்த நோட்டில் உள்ளவர்களில் பலர் இப்போது சூடானில் இல்லை. போருக்குப் பின் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட சூடானியர் எகிப்துக்குப் போயிருக்கிறார்கள். கெய்ரோவுக்குப் போனாலும் பெண்கள் தோப் உடுத்துவதை விடவில்லை. கொசுவம் இல்லாமல் உடலைச் சுற்றித் தலைக்கு மேல் போடும் அந்த நாலரை மீட்டர் மெல்லிய துணி, கல்யாணத்துக்கும் வேண்டும், துக்கத்துக்கும் வேண்டும். உங்கள் வாடிக்கை இடம் மாறியிருக்கிறது. அங்கே கடை போட்டிருக்கும் பழைய வியாபாரிகளுக்கு மதுரையிலிருந்தே சிறு பேல்களாக, முன்பணம் வாங்கிக்கொண்டு, டாலரில் அனுப்பலாம். கடனுக்குத்தான் என்று அடம் பிடித்தால், சரக்கு ஏற்றும் முன் ஏற்றுமதிக் கடன் உத்தரவாதக் கழகத்தில் (ஈ.சி.ஜி.சி.) பாதுகாப்பு கிடைக்குமா என்று விசாரியுங்கள். இந்த வேலைக்கு 40 பவுன் தேவையில்லை.

மாமனாரிடம் இதைச் சொல்லும்போது ‘மூடுகிறோம்’ என்ற சொல்லை எடுக்காதீர்கள். மூடவும் இல்லை. கெய்ரோவுக்குப் போகும் பேலில் அவர் கடைப் பெயரையே அச்சடியுங்கள்.

நகை உங்கள் ஸ்ரீதனம், முடிவு உங்களுடையது. அதைவிட எனக்குக் கவலை தருவது வேறு: மதுரைக் கடையும் சூடான் கடையும் ஒரே கூட்டு நிறுவனமா? ஆம் என்றால், அங்கே வாங்கிய கடனுக்கு இங்குள்ள கூட்டாளிகளின் சொந்தச் சொத்தும் பொறுப்பு. ஆடிட்டரை இந்த வாரமே பாருங்கள், இரண்டையும் பிரிக்க வழி கேளுங்கள்.

வங்கி, ஜி.எஸ்.டி. வேலைகளுக்கு உங்கள் கணவர் கையெழுத்து அடிக்கடி தேவைப்படும். இந்தியத் தூதரகத்தில் சான்று பெற்ற அதிகாரப் பத்திரம் (பவர் ஆஃப் அட்டர்னி) ஒன்றை அங்கிருந்து அனுப்பச் சொல்லுங்கள். அது இந்தியாவுக்கு வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைக் கட்டணம் கட்டியாக வேண்டும். உறையில் தேதி முத்திரை இருக்கும், தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.