கார் இல்லாம லாஸ் ஏஞ்சலஸ்ல (எல்.ஏ.) பழைய ஹாலிவுட் பாக்க முடியுமா?

ஒரே ஒரு நாள்தான் இருக்கு, கார் ஓட்டத் தெரியாதுன்னு கவலைப்பட்டிருந்தீங்க, தாராளமா பாக்கலாங்க. யூனியன் ஸ்டேஷன்ல ஆரம்பிங்க, 1939ல திறந்தது, அந்த உயரமான ஹாலும் மரம் மாதிரி தெரியுற கூரையும் அப்படியே இருக்கு, 1950ல வில்லியம் ஹோல்டன் நடிச்ச படம் ஒண்ணு இந்த ஸ்டேஷன் பேர்லயே வந்துச்சு, ஷூட்டிங்கும் இங்கதான். அங்கயே பி லைன் மெட்ரோ ஏறி பெர்ஷிங் ஸ்கொயர்ல இறங்குங்க, பக்கத்துலயே பிராட்பரி பில்டிங், 1893ல கட்டினது. இரும்புக் கைப்பிடிப் படி, கூண்டு லிஃப்ட், மேல கண்ணாடிக்கூரை வழியா இறங்குற வெளிச்சம்னு கருப்பு வெள்ளை க்ரைம் படத்துக்குன்னே கட்டின மாதிரி இருக்கும், ஆனா கீழ்த்தளம் தாண்டி ரொம்ப மேல ஏற விடமாட்டாங்க.

திரும்பவும் அதே மெட்ரோல ஹாலிவுட்/ஹைலேண்ட் போனா சைனீஸ் தியேட்டர், 1927. கூட்டம் நெரியும், நடிகர்களோட கைத்தடம் காலடித்தடத்தை மட்டும் பாத்துட்டு கிளம்பிடுங்க.

மிச்ச நேரத்தை சில்வர் லேக் பக்கம் வென்டோம் தெருவுக்கு வைங்க, சன்செட் ரோட்டுல போற பஸ்ல போயிடலாம். பழைய காமெடி ஜோடி லாரல் ஹார்டி பியானோவ தூக்கிட்டு ஏறுன படிக்கட்டு அங்கதான் இருக்கு, 1932 படம், ஆஸ்கர் கூட வாங்குச்சு. டிக்கெட் கிடையாது, வீடுங்களுக்கு நடுவுல சாதாரணப் படி, எனக்கு இந்த ஊர்லயே ரொம்பப் பிடிச்ச இடம். நல்ல ஷூ போட்டுட்டுப் போங்க.