திரையும் தூரிகையும்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: ஓவியம் கற்கும் மாணவி நான். கட்டண மென்பொருள் வாங்க வழியில்லை. தோழி ஒருத்தி, உரிமப் பூட்டை உடைத்துக் கிராக் செய்த பிரதி தருகிறாள். நிறுவும்போது மட்டும் ஆன்ட்டி வைரஸை அணைக்கச் சொல்கிறது. ஐந்து நிமிடம்தானே, அணைக்கலாமா?

வேண்டாம் அம்மா, ஐந்து நொடிகூட வேண்டாம். பிரவுசரில் சேமித்து வைத்திருக்கும் கடவுச்சொற்களைச் சுருட்டும் நிரல்களைக் கிராக் பிரதிகளுக்குள் ஒளித்து அனுப்புவது நெடுநாளாக நடக்கிறது. அதற்கு ஐந்து நிமிடம் தாராளம். உங்கள் தோழி நல்லவளாகவே இருக்கட்டும்; அந்தப் பிரதி எந்தெந்தக் கைகள் மாறி வந்தது என்று அவளுக்கும் தெரிந்திருக்காது.

இன்னொன்று, அந்தப் பிரதி உங்களுக்குத் தேவையே இல்லை. பக்க வடிவமைப்பு என் தொழில். காலையில் கணினியைத் திறந்தால் கோட்டு வடிவங்கள் வரையும் இங்க்ஸ்கேப்பும் படங்களைத் திருத்தும் ஜிம்ப்பும் மாலைவரை திறந்தே கிடக்கும். இரண்டுக்கும் காசு இல்லை, கணக்குத் தொடங்கவும் வேண்டாம். வண்ணம் தீட்டுவதுதான் உங்கள் ஆசை என்றால் கிரிட்டா என்ற இலவச ஓவிய மென்பொருளிலிருந்து தொடங்குங்கள். அதில் பிரஷ் கருவிக்கான ‘டூல் ஆப்ஷன்ஸ்’ பகுதியில் ஸ்டெபிலைசர் என்றொரு தெரிவு இருக்கிறது. அதைப் போட்டுக்கொண்டு நீண்ட வளைகோடு ஒன்றை இழுத்துப் பாருங்கள். கோடு கைக்குச் சற்றுப் பின்னாலேயே வரும்; ஆனால் நடுக்கமில்லாமல் வழவழவென்று வரும். வரையப் பழகும் கைக்கு அது தரும் தைரியம் கொஞ்சநஞ்சமல்ல.

‘இலவசம் என்றால் தரம் இருக்காது’ என்று யாராவது சொன்னால், முப்பரிமாண அனிமேஷன் செய்யும் இலவச மென்பொருளான பிளெண்டரைப் பற்றிச் சொல்லுங்கள். அதை வைத்திருந்த நிறுவனம் மூடப்பட்டபோது, 2002இல் பயனர்கள் ஏழே வாரத்தில் 1,00,000 யூரோ திரட்டி அதன் மூலநிரலை எல்லாருக்கும் பொதுவாக்கினார்கள். அதே பிளெண்டரில் உருவான ‘ஃப்ளோ’ என்ற லாட்வியப் படம் 2025இல் சிறந்த அனிமேஷன் படத்துக்கான ஆஸ்கரை வாங்கியது.

ஆபத்து இங்கேயும் உண்டு, ஆனால் அது இருப்பது மென்பொருளை இணையத்திலிருந்து இறக்கும் இடத்தில். 2022இல் கூகுளில் ஜிம்ப் என்று தேடியவர்களுக்கு ஒரு விளம்பரம் வந்தது. அதில் தெரிந்ததென்னவோ ஜிம்ப்பின் சொந்த முகவரிதான். சொடுக்கினால் போய்ச் சேர்ந்ததோ எழுத்து மாறிய போலித் தளம். அங்கே இறங்கியது தகவல் திருடும் நிரல். 5 எம்பிகூட இல்லாத அதை வெற்றுத் தரவால் ஊதி 700 எம்பி ஆக்கியிருந்தார்கள், அசல் என்று நம்பவேண்டும் என்பதற்காக! ஆகவே தேடல் முடிவுகளின் உச்சியில் ‘விளம்பரம்’ என்றோ ‘ஸ்பான்சர்ட்’ என்றோ இருப்பதைத் தொடாதீர்கள். முகவரியை நீங்களே தட்டச்சு செய்யுங்கள்: krita.org, gimp.org, inkscape.org, blender.org. போய்ச் சேர்ந்த பிறகும் மேலே இருக்கும் முகவரியை எழுத்தெழுத்தாக ஒருமுறை வாசித்துவிடுங்கள்.

கேள்வி: பணி ஓய்வு பெற்றவன். போட்டோவை ஓவியமாக மாற்றித் தரும் ஆப் ஒன்று, என் எல்லாப் படங்களையும் தொடர்பு எண்களையும் பார்க்க அனுமதி கேட்கிறது. கொடுக்காவிட்டால் வேலை செய்யாது என்கிறான் பேரன்.

பேரனிடம் சொல்லுங்கள் ஐயா: ஒரு படத்தை மாற்ற ஒரு படம் போதும். தொடர்பு எண்களுக்கும் ஓவியத்துக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. அதை மறுத்துவிடுங்கள். படங்களுக்கு, இன்றைய போன்களில் ‘தேர்ந்தெடுத்த படங்கள் மட்டும்’ என்ற தெரிவு இருக்கிறது; அதைக் கொடுங்கள். அதற்கும் மசியாத ஆப்பை நீக்கிவிடுவதே நல்லது. நீக்கும் முன் கணக்கு ஏதும் தொடங்கியிருந்தால், உள்ளே போய் அதையும் அழியுங்கள். ஆப்பை மட்டும் நீக்கினால் நீங்கள் ஏற்றிய படங்கள் அவர்கள் சர்வரில் அப்படியே இருக்கக்கூடும்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். கேமராவில் இருப்பிடப் பதிவு இயங்கினால், எடுத்த இடம் எக்சிஃப் எனப்படும், கண்ணுக்குத் தெரியாத தகவலாகப் படத்துக்குள்ளேயே உட்கார்ந்துகொள்ளும். பேரக்குழந்தைகளின் படத்தை வீட்டில் எடுத்து அப்படியே அனுப்பினால், வீடு எங்கே என்பதும் கூடவே போகலாம். ஜிம்ப்பில் ஜேபிஜியாக ஏற்றுமதி செய்யும்போது எக்சிஃப் தகவலைச் சேர்க்கவா என்று ஒரு சிறு பெட்டி வரும். அந்த டிக்கை எடுத்துவிடுங்கள்.

கேள்வி: குழந்தைக் கதைகளை என் குரலில் பதிந்து இணையத்தில் போடுகிறேன். குரலைத் திருடி மோசடி செய்கிறார்களாமே. என் அம்மா பயந்துபோய், எல்லாவற்றையும் அழிக்கச் சொல்கிறார்.

அம்மாவின் பயத்தில் நியாயம் இருக்கிறது. மூன்று நொடிப் பதிவிலிருந்தே ஒருவர் குரலைப் போலப் பேசும் செயற்கை நுண்ணறிவு ஆய்வு மாதிரியை மைக்ரோசாஃப்ட் 2023 ஜனவரியிலேயே வெளியுலகுக்குக் காட்டியது. ஆனால் மூன்று நொடி எங்கேயும் கிடைக்கும், சகோதரி. தெரியாத எண்ணிலிருந்து வந்த அழைப்பை எடுத்து ‘யாருங்க, என்ன வேணும்?’ என்று கேட்டாலே கிடைத்துவிடும். அதற்காகக் குழந்தைகளிடமிருந்து கதைகளைப் பிடுங்கவேண்டாம் என்பது என் உறுதியான எண்ணம்.

மாற்றவேண்டியது வீட்டின் பழக்கத்தை. குரல் கேட்டது என்பதற்காக யாரும் பணம் அனுப்பக் கூடாது, அவ்வளவுதான். இன்றிரவே அம்மாவோடு உட்கார்ந்து, வேறு யாருக்கும் தெரியாத, இணையத்தில் எங்கும் நீங்கள் எழுதியிராத ஒரு சொல்லை முடிவு செய்யுங்கள். ‘விபத்து, உடனே பணம் வேண்டும், யாரிடமும் சொல்லாதே’ என்று அழைப்பு வந்தால் அம்மா அந்தச் சொல்லைக் கேட்கட்டும். பதில் வந்தாலும் வராவிட்டாலும் போனை வைத்துவிட்டு, தான் சேமித்து வைத்திருக்கும் உங்கள் எண்ணுக்கு அவரே அழைக்கட்டும். அவசரப்படுத்துவதில்தான் அந்த மோசடியின் பலமே இருக்கிறது. ஒருமுறை ஒத்திகை பார்த்துவிடுங்கள். அம்மாவுக்குப் பயம் பாதி குறையும்.

கேள்வி: கடவுச்சொல்லை மாதாமாதம் மாற்றவேண்டுமா?

வேண்டாம். அமெரிக்காவின் தர நிறுவனமான நிஸ்ட் 2017இலேயே அந்த வழக்கத்தைக் கைவிடச் சொல்லிவிட்டது. நீளமாக வையுங்கள், ஒவ்வொரு தளத்துக்கும் வேறாக வையுங்கள், கசிந்துவிட்டது என்று தெரிந்தால் மாற்றுங்கள்.

கேள்வி: இரவில் டேப்லெட்டில் வரைகிறேன். கண் எரிகிறது. நீல ஒளியைத் தடுக்கும் கண்ணாடி வாங்கலாமா?

எரிச்சலுக்காக என்றால் வாங்கவேண்டாம். மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2023இல் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பு, சாதாரணக் கண்ணாடியைவிட அது கண் சோர்வைக் குறைப்பதாகத் தெரியவில்லை என்றே சொல்கிறது. பெரும்பாலும் காரணம் வேறு: இமைக்க மறக்கிறோம். நிமிடத்துக்கு 15 முறைபோல இமைப்பவர்கள் திரையை உற்றுப் பார்க்கும்போது ஐந்தாறு முறைக்கு இறங்கிவிடுகிறார்கள். கண் காய்ந்துபோகிறது.

20 நிமிடத்துக்கு ஒருமுறை, 20 அடிக்கு அப்பால் இருக்கும் ஏதாவது ஒன்றை 20 நொடி பாருங்கள். ஸ்டைலஸைக் கீழே வைத்துவிட்டுப் பாருங்கள். கையில் இருந்தால் கண் தானாகத் திரைக்குத் திரும்பிவிடும். அறை விளக்கை அணைத்துவிட்டு வரையாதீர்கள். எரிச்சல் விடாவிட்டாலோ வலியோ மங்கலோ இருந்தாலோ கண் மருத்துவரிடம் போங்கள். அதற்கு என் பதில் போதாது.

கேள்வி: வரைந்ததைப் பதிவிட்டால் யாரும் பார்ப்பதில்லை. லைக் எண்ணிக்கையைப் பார்த்துப் பார்த்து, இப்போது வரையவே கை வரவில்லை.

உங்கள் கடிதத்தை இரண்டுமுறை வாசித்தேன். கை வராததற்கு உங்கள் திறமையைக் குறை சொல்லாதீர்கள். விரலால் தள்ளத் தள்ளத் தீராமல் வரும் பக்கத்தை 2006இல் வடிவமைத்த ஏஸா ராஸ்கின், பின்னாளில் அதற்காக வருந்துவதாக வெளிப்படையாகவே சொன்னார். நம்மைப் பிடித்து வைக்கவே செய்யப்பட்ட இடத்தில் போய் நம் படத்தின் மதிப்பைத் தேடினால் மனம் சோராமல் என்ன செய்யும்?

கொஞ்ச நாளைக்கு வரைவதையும் பதிவிடுவதையும் பிரித்து வையுங்கள். கிரிட்டாவுக்கு இணையம் வேண்டாம். வைஃபையை அணைத்துவிட்டு உட்காருங்கள். அது உங்களிடம் எதையும் கேட்காது, யார் பார்த்தார்கள் என்றும் சொல்லாது. முடித்த படத்தை ஒரே ஒருவருக்கு அனுப்புங்கள், ‘இதில் எந்த இடம் உங்களுக்குப் பிடித்தது?’ என்ற கேள்வியோடு. அப்படிக் கேட்டால் மனிதர்கள் பதில் சொல்வார்கள். சட்டென்று யாரும் நினைவுக்கு வராவிட்டால் எனக்கே அனுப்புங்கள். பார்த்து எழுதுகிறேன்.